பட்டாளத்துப் பாட்டாவைப் பற்றி எழுதி வைக்கிறேன், உங்கள் வீட்டு ஓர்மைகளையும் சொல்லுங்கள்

மாத்தூர் பேரன் எழுதியது:

எங்க பாட்டா காலமாகி இன்றைக்கு 17 நாள். நேற்று பதினாறாம் நாள் அடியந்திரம் முடிந்து சொந்தக்காரர்கள் எல்லாரும் கிளம்பிப் போன பிறகு வீடு திடீரென்று பெரிதாகிவிட்டது மாதிரி இருக்கிறது. 81 வயது. கடைசி வாரம் வரைக்கும் தன் வேட்டியைத் தானே துவைத்துத் தானே இஸ்திரி போட்டவர், ஒருத்தருக்கும் பாரமாக இல்லாமல் போய்விட்டார்.

இதை இங்கே எழுதக் காரணம் இருக்கிறது. நேற்று ராத்திரி பேரப்பிள்ளைகள் நாங்கள் ஆறு பேரும் திண்ணையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தோம், பாட்டாவைப் பற்றி ஆளுக்கு நாலு கதை இருந்தது, ஆனால் அவர் பட்டாளத்தில் இருந்த 18 வருஷத்தைப் பற்றி எங்கள் யாரிடமும் ஒன்றுமே இல்லை. அவர் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. இப்போது கேட்க ஆள் இல்லை.

தெரிந்ததை எழுதுகிறேன். 1961-ல் 19 வயதில் சேர்ந்தார். பெங்களூரில் அல்சூர் ஏரிப் பக்கம் இருக்கிற எம்.இ.ஜி., அதாவது மெட்ராஸ் இன்ஜினியர் குரூப். பாலம் போடுவது, ரோடு போடுவது, கண்ணிவெடி வைப்பது எடுப்பது எல்லாம் அவர்கள் வேலை என்று பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். ஹவில்தாராக 1979-ல் ஓய்வு பெற்று வந்தார். அந்த ஏப்ரலில்தான் திருவனந்தபுரத்தில் இருந்து கன்னியாகுமரிக்கு ரயில் விட்டார்கள், அதுவரைக்கும் நம்ம மாவட்டத்தில் தண்டவாளமே கிடையாது. அத்தனை வருஷமும் லீவுக்கு வரும்போது திருவனந்தபுரத்தில் இறங்கி, டிரங்குப் பெட்டியை பஸ் மேலே ஏற்றி மார்த்தாண்டம் வந்து, அங்கிருந்து இன்னொரு பஸ், அப்புறம் நடை. ஒரே ஒரு தடவை, எல்லாத்தையும் முடித்துக்கொண்டு வந்த தடவை மட்டும், குழித்துறை ஸ்டேஷனில் இறங்கினார். "ரெயிலு வரட்டும்னுதான் நான் காத்திருந்தேன்" என்று சொல்வார்.

பாலம் என்றால் அவருக்கு உயிர். மாத்தூர் தொட்டிப்பாலம் 1966-ல் கட்டி முடிந்தது. லீவில் வந்தபோது பறளியாற்றுக்கு மேலே அது நிற்கிறதைப் பார்த்துவிட்டு வீட்டுக்குக்கூட வராமல் பெட்டியோடு அதன் மேலே ஏறி அந்தப் பக்கம் வரை நடந்து திரும்பி வந்தாராம், பாட்டி இன்னும் அதைக் குறையாகச் சொல்வாள். 115 அடி உயரம், 28 தூண். என்னை முதன்முதலில் எண்ணச் சொல்லிக் கொடுத்ததே அந்தத் தூண்களைக் காட்டித்தான். எங்க வீட்டுப் பக்கம் சானலுக்குக் குறுக்கே ஒவ்வொரு மழைக்காலத்துக்கு முன்னாலும் தென்னந்தடியைப் போட்டு, கயிறு கட்டி, பள்ளிக்கூடப் பிள்ளைகள் போகத் தடிப்பாலம் போட்டுக் கொடுப்பார். யாரிடமும் காசு வாங்க மாட்டார். பஞ்சாயத்து கான்கிரீட் பாலம் போடுகிற வரைக்கும் இது நடந்தது. போட்ட பிறகும் அதன் மேலே போய் நின்று குதித்துப் பார்த்துவிட்டு வந்தார்.

இன்னும் இரண்டு விஷயம், யாருக்காவது காரணம் தெரியுமா என்று கேட்கத்தான் எழுதுகிறேன்.

மரச்சீனி, அதாவது மரவள்ளிக் கிழங்கு, பிடுங்கும்போது எடுத்ததும் மம்பட்டியைத் தொட விட மாட்டார். ஒரு முழத்துக்கு மேல் நீளமான பழைய கம்பி ஒன்று வைத்திருந்தார். செடியின் மூட்டுக்குப் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்து, அந்தக் கம்பியை மண்ணுக்குள் சரிச்சு சரிச்சு விட்டுப் பார்ப்பார், கிழங்கு எந்தப் பக்கம் ஓடியிருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் கையால் மண்ணைத் தள்ளுவார். நாங்கள் கம்பியை வாங்கி நேராகக் குத்தினால் மட்டும் முகம் மாறிவிடும். "நேரா குத்தாத மக்ளே, சரிச்சு குத்து, பைய குத்து." கிழங்கு முறிந்துவிடும் என்பதற்காகச் சொல்கிறார் என்று நினைத்தோம்.

அடுத்தது, ரப்பர் விளையில், அதாவது தோட்டத்தில், வழியின் இரண்டு பக்கமும் பழைய வேட்டியை நாடாவாகக் கிழித்துக் குச்சியில் கட்டி வைப்பார். அந்த நாடாவுக்கு வெளியே, புல்லில், கால் வைக்கவே மாட்டார். எங்களையும் "நான் வைச்ச இடத்துல வைச்சு வா" என்று பின்னாலேயே நடக்க வைப்பார். ஊரில் எல்லாரும் பட்டாளத்துக்காரருக்குப் பாம்பு என்றால் பயம் என்று பேசிக்கொள்வார்கள். அவரும் மறுத்ததில்லை.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒருத்தர் இருந்திருப்பார். எழுதுங்கள்.

தோவாளைப்பூ எழுதியது:

தம்பி, உங்க பாட்டாவுக்கு என் அஞ்சலி. படிக்கப் படிக்க எங்க தாத்தா கண் முன்னால வந்துட்டார். அவர் மிலிட்டரி ஆஸ்பத்திரிகளில் நர்சிங் உதவியாளராக இருந்தவர். அவர் எழுதின இன்லேண்டு லெட்டர்கள் ஒரு பிஸ்கட் டின் நிறைய இருக்கு, எல்லாத்திலும் முகவரி ஒரு நம்பரும் "56 ஏ.பி.ஓ."வும்தான். அது ராணுவத் தபால் நிலையத்தோட குறியீடு, ஊர் பேர் இருக்காது. ஆள் காஷ்மீரில் இருக்காரா அசாமில் இருக்காரா என்று ஆச்சிக்குத் தெரியாது. குளிர் அதிகம் என்று எழுதினால் வடக்கு, மழை நிற்கலை என்று எழுதினால் கிழக்கு, இப்படித்தான் அவங்க கணக்கு போட்டிருக்காங்க.

தபால்காரர் சைக்கிள் சத்தம் கேட்டால் ஆச்சி வாசலுக்கு ஓடுவாங்க. அதே ஆள் தந்தி கொண்டு வந்தால் உள்ளே ஓடிப் போய் கதவைச் சாத்திக்குவாங்க. 1971 டிசம்பரில் ஒரு தந்தி வந்திருக்கு. ஆச்சி கதவைத் திறக்கவே இல்லை. பக்கத்து வீட்டு வாத்தியார் பிரித்துப் பார்த்துச் சன்னல் வழியா சத்தமா வாசிச்சாராம், அது சென்னையில் ஒரு சொந்தக்காரருக்குக் குழந்தை பிறந்த செய்தி. அதைச் சொல்லும்போது ஆச்சிக்கு எண்பது வயசுலயும் குரல் உடையும்.

உங்க பாட்டி எப்படி இருக்காங்க? அவங்ககிட்ட கேளுங்க. அவங்ககிட்ட நிச்சயம் ஏதாவது இருக்கும்.

குளச்சல் துறை எழுதியது:

எங்க பூட்டனார் திருவிதாங்கூர் பட்டாளத்தில் இருந்தவர். 1956 நவம்பர் 1-க்கு முன்னால் நம்ம மாவட்டம் திருவிதாங்கூரோடு இருந்தது என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனால் அந்த ராஜாவின் பட்டாளம்தான் பிறகு இந்திய ராணுவத்தோடு சேர்ந்து மெட்ராஸ் ரெஜிமென்டின் 9-வது பட்டாலியன் ஆனது என்பது நிறையப் பேருக்குத் தெரியாது. 1741-ல் குளச்சலில் டச்சுக்காரர்களைத் தோற்கடித்த மார்த்தாண்ட வர்மாவின் படையோட வழிவந்தவர்கள் அவர்கள். எங்க ஊரில் அந்த வெற்றித்தூண் இருக்கிறது, வருஷா வருஷம் ஜூலை கடைசியில் ரெஜிமென்டுக்காரர்கள் வந்து மலர்வளையம் வைப்பார்கள். சின்ன வயசில் அந்த பேண்டு சத்தம் கேட்டாலே நாங்கள் கடற்கரையில் இருந்து ஓடி வருவோம். தோற்றுப்போய்ப் பிடிபட்ட டி லனாய் என்ற டச்சுத் தளபதியே பிறகு ராஜாவுக்குப் படை பயிற்றுவித்து, இங்கேயே வாழ்ந்து இறந்து, உதயகிரி கோட்டைக்குள் அடக்கமாகியிருக்கிறார்.

எங்க பூட்டனாரோட ஒரு பெல்ட் பக்கிள் மட்டும் எங்ககிட்ட இருக்கு, சங்கு முத்திரை போட்டது. அது தவிர ஒரு காகிதம்கூட இல்லை. அதனால் சொல்கிறேன், பாட்டாவோட டிஸ்சார்ஜ் புக் இருந்தால் முதலில் அதை போட்டோ எடுத்து வையுங்கள். மழையும் கரையானும் நம்ம ஊரில் காத்துக்கொண்டிருக்காது.

பழைய தம்பி எழுதியது:

மாத்தூர் பேரனுக்கு வணக்கம். நானும் எம்.இ.ஜி.தான். 1984-ல் சேர்ந்து 2006-ல் வெளியே வந்தேன். மதராஸ் சாப்பர்களை, அதாவது எம்.இ.ஜி. ஆட்களை, ராணுவம் முழுக்க "தம்பி" என்றுதான் கூப்பிடுவார்கள், பஞ்சாபி ஆபீசரும் அப்படித்தான் கூப்பிடுவார். அந்தப் பேரைத்தான் இங்கே வைத்திருக்கிறேன். உங்க பாட்டா எனக்கு மூத்த தம்பி.

உங்கள் பதிவை மத்தியானம் படித்தேன். சாயங்காலம் வரைக்கும் எழுதக் கை வரவில்லை.

அந்தக் கம்பிக்கு எங்க ஆட்கள் பிராடர் என்பார்கள். கண்ணிவெடி புதைத்த நிலத்தில் வழி எடுக்கும்போது தரையில் படுத்துக்கொண்டு அதால் மண்ணைத் துழாவுவோம். ஏறக்குறைய 30 டிகிரி சரிவில் விட வேண்டும். ஏனென்றால் ஆளைக் கொல்கிற வெடியின் அழுத்தும் தட்டு மேல்பக்கம் இருக்கும், நேராகக் குத்தினால் கம்பி அந்தத் தட்டில்தான் போய் இறங்கும். சரித்து விட்டால் பக்கவாட்டில் இடிக்கும், இடித்த உடனே நிறுத்திவிட்டு, கையால் மண்ணை ஒதுக்க வேண்டும். ரெக்ரூட்டாக இருக்கும்போது பயிற்சி கொடுக்கிற உஸ்தாத் எங்கள் காதுக்குள்ளே கத்திக் கத்திப் பழக்கிய வார்த்தை இதுதான்: சரிச்சு, பைய. டாங்கு வெடி ஒரு ஆள் மிதித்தால் வெடிக்காது, அதற்குப் பெரிய பாரம் வேண்டும், ஆனால் அதைச் சுற்றி ஆள் வெடியையும் கலந்து வைத்திருப்பார்கள், எடுக்க வருகிறவனுக்காக.

வெள்ளை நாடாவும் அதுதான். வழி எடுத்துக்கொண்டே போகும்போது இரண்டு பக்கமும் வெள்ளை டேப் கட்டிக்கொண்டு போவோம். டேப்புக்கு உள்ளே இருந்தால் உயிர். வெளியே ஒரு கால் போனால் போனதுதான். பின்னால் வருகிறவன் முன்னால் போனவன் கால் வைத்த இடத்தில்தான் வைக்க வேண்டும்.

பாட்டாவுக்குப் பாம்பு பயம் இல்லை தம்பி. அவர் உங்களை எல்லாம் நாடாவுக்கு உள்ளே வைத்து நடத்தியிருக்கிறார்.

அவர் 1971 பாகிஸ்தான் சண்டையில் எங்கே இருந்தார் என்று ஏதாவது தெரியுமா? ஒரு ஊர், ஒரு ஆறு, எதுவானாலும் சொல்லுங்கள்.

மாத்தூர் பேரன் எழுதியது:

அண்ணா, நீங்கள் எழுதியதை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவர் ஒன்றும் சொல்லாமல் எழுந்து விளைக்குப் போய்விட்டார். இருட்டின பிறகுதான் வந்தார்.

எனக்கு இப்போது மனசு ஆறவே மாட்டேன் என்கிறது. பத்தாம் வகுப்பு படிக்கும்போது கூட்டாளிகள் முன்னால் "எங்க பாட்டாவுக்குப் புல்லைக் கண்டாலே பயம்" என்று நான் சொல்லிச் சிரித்திருக்கிறேன். அவர் பக்கத்தில்தான் நின்றார். அது அவர் காதில் விழுந்தது எனக்குத் தெரியும்.

ஊர் பேரைப் பற்றிக் கேட்டீர்களே. பாட்டியிடம் கேட்டேன், தோவாளைப்பூ அக்கா சொன்னது மாதிரி அவளிடம் இருந்தது. "சகர்கர், சகர்கர்னு ரேடியோவுல சொல்லும்போது எந்திரிச்சு நிப்பாரு" என்றாள். அப்புறம் ஒரு ஆற்றின் பேர், பசந்தர். எங்க அப்பா 1972 ஜனவரியில் பிறந்தபோது அந்தப் பேரை வைக்கலாமா என்று லெட்டர் எழுதினாராம், பாட்டி அது என்ன பேரு என்று ஒத்துக்கொள்ளவில்லை.

டிரங்குப் பெட்டியில் டிஸ்சார்ஜ் புக்கும் ஐந்து மெடலும் இருந்தது. ஒன்றில் ஹிந்தியில் எழுதியிருக்கிறது, இணையத்தில் படம் பார்த்து ஒப்பிட்டால் பஷ்சிமி ஸ்டார் மாதிரி இருக்கிறது. குளச்சல் அண்ணன் சொன்னபடி எல்லாப் பக்கத்தையும் போட்டோ எடுத்துவிட்டேன்.

பழைய தம்பி எழுதியது:

பஷ்சிமி ஸ்டார் 1971-ல் மேற்கு முனையில் இருந்தவர்களுக்குக் கொடுத்தது, கிழக்கே இருந்தவர்களுக்குப் பூர்வி ஸ்டார். பசந்தர், சகர்கர் என்றால் எனக்குப் புரிந்துவிட்டது. சகர்கர் பாகிஸ்தான் பக்கம் இருக்கிற ஊர்.

பசந்தர் என்பது ராவியில் போய்ச் சேர்கிற ஒரு ஆறு. அதன் கரையில் பாகிஸ்தான்காரர்கள் நெடுக, ஆழமாகக் கண்ணிவெடி புதைத்து வைத்திருந்தார்கள். டிசம்பர் 15 ராத்திரி அதைக் கடக்க வேண்டும். டாங்குகள் போக வழி எடுக்கிற வேலை இன்ஜினியர்களுக்கு. அந்த வேலையில் இருந்தது 9 இன்ஜினியர் ரெஜிமென்ட், நம்ம மதராஸ் சாப்பர்கள். மேலே குண்டு விழுந்துகொண்டே இருக்கும், கீழே வெடி, நடுவே படுத்துக்கொண்டு அந்தக் கம்பியும் கையும். வழி முழுக்கத் திறக்கிறதுக்கு முன்னாலேயே அந்தப் பக்கம் எதிரி டாங்குகள் திரள்வது தெரிந்து, பூனா ஹார்ஸ் என்ற டாங்குப் படைப்பிரிவின் டாங்குகள் காத்திருக்காமல் உள்ளே இறங்கிப் போய்விட்டன. மறுநாள் 16-ஆம் தேதி அந்தச் சண்டையில்தான் 21 வயது செகண்ட் லெப்டினன்ட் அருண் கேத்ரபால் எரிகிற டாங்கை விட்டு இறங்க மறுத்து உயிர் விட்டார், பரம் வீர் சக்ரா கொடுத்தார்கள். அவர் பேரைப் பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். வழி திறந்துகொடுத்த எங்க மேஜர் வி.ஆர். சவுத்ரிக்கும் உயிர் போன பிறகு மகா வீர் சக்ரா கொடுத்தார்கள், அவர் பேர் சாப்பர்களுக்கு வெளியே அதிகம் தெரியாது. எனக்கு அந்த வருத்தம் எப்போதும் உண்டு.

உங்க பாட்டா அந்த ரெஜிமென்டா, பக்கத்தில் வேறு கம்பெனியா என்பதை டிஸ்சார்ஜ் புக்கைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். எதுவாக இருந்தாலும் ஒன்று சொல்கிறேன். சண்டை 14 நாளில் முடிந்தது, சாப்பருக்கு அதற்குப் பிறகுதான் வேலை. இரண்டு பக்கமும் புதைத்ததை எல்லாம் எடுக்க வேண்டும். எல்லையில் படை குவித்த ஆபரேஷன் பராக்கிரம் சமயத்தில் 2002-ல் நான் இதைச் செய்தேன், அதனால் தெரியும். நாம் புதைத்ததை நாமே எடுப்பதுதான் இருக்கிறதிலேயே கஷ்டம். காகிதத்தில் கணக்கு இருக்கும், மண்ணில் இருக்காது. ஒரு மழை, ஒரு வெள்ளம், அவ்வளவுதான், மண்ணோடு அதுவும் நகர்ந்துவிடும். சண்டையில் ஒன்றும் ஆகாமல் தப்பித்த பையன், சமாதானம் வந்து எல்லாரும் லீவுக்குப் போய்க்கொண்டிருக்கிற நேரத்தில் காலை இழப்பான்.

பாட்டா மழைக்கு அப்புறம் ஏதாவது வித்தியாசமாக நடந்துகொள்வாரா?

மாத்தூர் பேரன் எழுதியது:

மழை பெய்த மறுநாள் விளைக்குள் எங்களை விடவே மாட்டார் அண்ணா. தான் மட்டும் முதலில் போய் நாடாவை எல்லாம் அவிழ்த்துத் திரும்பக் கட்டிவிட்டு வருவார்.

மணக்குடி நினைவு எழுதியது:

நான் மாத்தூர் பேரனோட பெரியப்பா மகள். இந்த இழையை அவன் அனுப்பித்தான் பார்த்தேன். பேர் பதிவு பண்ணி முதல் தடவையா எழுதுறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கோங்க.

சுனாமி வந்தபோது எனக்கு ஒன்பது வயசு. மேல மணக்குடிக்கும் கீழ மணக்குடிக்கும் நடுவில் இருந்த பாலத்தை அலை தூக்கிக்கொண்டு போய் வீசினது எல்லாருக்கும் ஓர்மை இருக்கும். அத்தனை பெரிய கான்கிரீட் துண்டுகள் தீப்பெட்டி மாதிரி காயலுக்குள்ளே கிடந்தது. 2005-ல் அந்த இடத்தில் ராணுவத்துக்காரங்க பெய்லி பாலம் போடுகிறதாகக் கேள்விப்பட்டதும் பாட்டா காலையில் நாலரைக்கே எழுந்து, ஷேவ் பண்ணி, தேய்ச்ச சட்டை போட்டு, என்னையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினார். நாகர்கோவில் போய் இன்னொரு பஸ். மடியில் ஒரு மட்டிப்பழக் குலை. பஸ்ஸில் யாரோ விலை கேட்டதுக்கு "இது தம்பிமாருக்கு" என்று சொன்னது இன்னும் காதில் இருக்கு.

பெய்லி பாலம் பார்த்திருக்கீங்களா? பத்தடி நீளமான இரும்புச் சட்டம், அதுக்குப் பேனல் என்று பேர். ஒண்ணுக்கு இரண்டரைக் குவிண்டாலுக்கு மேல் எடை. ஆறு பேர் சேர்ந்து தூக்கி, ஒண்ணோட ஒண்ணு கோத்து, ஆணி அடிச்சு, கரையில் வைச்சே கட்டி, உருளை மேல வைச்சு அந்தப் பக்கம் தள்ளுவாங்க. கிரேன் இல்லாத இடத்துலயும் ஆள் கையாலேயே போடலாம் என்பதுதான் அதோட பெருமை என்று பாட்டா எனக்கு அன்றைக்கு விளக்கினார். இரண்டாம் உலகப்போர் காலத்தில் டொனால்ட் பெய்லி என்று ஒரு இங்கிலீஷ்காரர் கண்டுபிடிச்சதாம். நான் பழத்தைத் தின்னுக்கிட்டே கேட்டேன்.

அவர் கிட்டப் போகலை. கயிறு கட்டி வைத்திருந்த இடத்துக்கு வெளியே, ஊர்க்காரங்களோட நின்னார். அவங்க "தூக்கு" என்று சத்தம் கொடுக்கும்போதெல்லாம் இவர் கை இரண்டும் தானா மேலே எழும்பும். இறக்கும்போது இறங்கும். அவருக்கே தெரியலை. நான் அதைத்தான் பார்த்துக்கிட்டு இருந்தேன், பாலத்தைப் பார்க்கலை. பத்து மணியில் இருந்து மூணு மணி வரைக்கும் அப்படியே நின்னார்.

சாப்பாட்டு நேரத்துக்கு அவங்க கலைஞ்சப்போ பழத்தைக் கொண்டு போய்க் கொடுத்தார். ஒரு பையன், மீசைகூடச் சரியா முளைக்கலை, "நீங்க எந்த வருஷம் தாத்தா?" என்று கேட்டான். "அறுபத்தொண்ணு" என்றார். அந்தப் பையன் கையில் இருந்த தட்டைக் கீழே வைச்சுட்டு எழுந்து சல்யூட் அடிச்சான், மத்தவங்களும் எழுந்துட்டாங்க. பாட்டா திரும்ப அடிச்சார். வேட்டியோட. வரும்போது பஸ்ஸில் ஒரு வார்த்தை பேசலை, என் கையை மட்டும் பிடிச்சுக்கிட்டே வந்தார்.

தம்பி, நீ சொன்ன விஷயத்துக்காக மனசைப் போட்டு வருத்திக்காத. பாட்டா எங்கிட்ட ஒரு தடவை சொல்லியிருக்கார், "இந்தப் பிள்ளைகளுக்குப் பயம்னா என்னன்னு தெரியலை, அது போதும்" என்று. அப்போ எதுக்குச் சொன்னார்னு புரியலை.

ஆரல் காற்று எழுதியது:

எல்லாரும் நல்ல ஓர்மைகளாக எழுதுகிறீர்கள், படிக்க ஆசையாக இருக்கிறது. என் தாத்தா அப்படி இல்லை. அவரும் பட்டாளம், அவரும் 71. வந்த பிறகு குடி. ராத்திரியில் எழுந்து கத்துவார், பாட்டியை அடித்திருக்கிறார், என் அப்பா 15 வயதில் வீட்டை விட்டு ஓடினதே அவரால்தான். அவர் செத்தபோது நான் அழவில்லை. இதைப் படித்த பிறகு முதல் தடவையாக, அவர் என்னத்தைப் பார்த்துவிட்டு வந்தாரோ என்று தோன்றுகிறது. மன்னிக்க முடியுமா தெரியவில்லை. ஆனால் தோன்றுகிறது.

பழைய தம்பி எழுதியது:

ஆரல் காற்று, எழுதினதுக்கு நன்றி. இதையும் எழுதத்தான் வேண்டும். அந்தக் காலத்தில் திரும்பி வந்தவனிடம் தூக்கம் வருகிறதா என்று யாரும் கேட்டதில்லை. பெட்டியைக் கொடுத்து, ரயில் பாஸ் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். உங்க பாட்டிக்கும் அப்பாவுக்கும் நடந்தது தப்புதான், பட்டாளத்தைக் காட்டி அதைச் சரி என்று நான் சொல்ல மாட்டேன். உங்க தாத்தாவுக்கு உதவி கிடைத்திருந்தால் அந்த வீடு வேறு மாதிரி இருந்திருக்கும் என்று மட்டும் நம்புகிறேன்.

மாத்தூர் பேரன் எழுதியது:

ஒரு நடைமுறைக் கேள்வி, தெரிந்தவர்கள் சொல்லுங்கள். பாட்டிக்குக் குடும்ப பென்ஷன் மாற்ற ஒரு அலுவலகத்துக்குப் போனோம். டிஸ்சார்ஜ் புக்கில் பாட்டி பேர் ஒரு மாதிரி, ஆதாரில் வேறு மாதிரி. கல்யாணம் ஆனபோது எவரோ எழுதிக்கொடுத்த எழுத்து அது. அங்கே இருந்தவர் "இது வேற ஆளாக்கூட இருக்கலாமே" என்று பாட்டி முன்னாலேயே சொன்னார். பாட்டி வீட்டுக்கு வந்து கல்யாண போட்டோவை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். எனக்கு அந்த ஆளிடம் சண்டை போடத் தெரியவில்லை.

தோவாளைப்பூ எழுதியது:

ஐயோ பாவம் பாட்டி. எங்க ஆச்சிக்கும் இதே பிரச்சினை வந்தது, தீர்ந்தது, பயப்படாதீங்க. இரண்டு பேரிலும் இருக்கிறது ஒரே ஆள்தான் என்று பிரமாணப் பத்திரம் போடணும். பாட்டாவும் பாட்டியும் சேர்ந்து எடுத்த போட்டோ, இறப்புச் சான்றிதழ், பென்ஷன் ஆணை, ஆதார், பேங்க் பாஸ்புக் எல்லாத்துக்கும் மூணு மூணு நகல் எடுத்து வையுங்க. எந்த அலுவலகத்தில் கொடுத்தாலும் கொடுத்ததுக்கு ஒரு கையெழுத்து வாங்காமல் வராதீங்க.

பழைய தம்பி எழுதியது:

நாகர்கோவிலில் முன்னாள் படைவீரர் நல அலுவலகம் இருக்கிறது, முதலில் அங்கே போங்கள். இப்போது பென்ஷன் எல்லாம் ஸ்பர்ஷ் என்ற கணினி முறைக்கு வந்துவிட்டது, அதில் பேர் திருத்தம் போடலாம். அதோடு பெங்களூரில் எம்.இ.ஜி. ரெக்கார்ட்ஸுக்கு பாட்டாவின் ஆர்மி நம்பரைப் போட்டு ஒரு கடிதம் எழுதுங்கள். கல்யாணம் ஆன உடனே யூனிட்டில் சொல்லிப் பதிந்திருப்பார், அந்தப் பதிவில் பாட்டி பேர் இருக்கும். அவர் எந்த ரெஜிமென்ட் என்பதும் அங்கேயே தெரிந்துவிடும். பாட்டி இனி எந்த அலுவலகத்துக்கும் படி ஏற வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை நான் வீட்டுக்கு வந்து காகிதம் எல்லாத்தையும் பார்த்து எழுதித் தருகிறேன். மார்த்தாண்டத்தில் இருந்து எந்த பஸ் என்று மட்டும் சொல்லுங்கள்.

மாத்தூர் பேரன் எழுதியது:

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வந்தார். இங்கே எல்லாரும் கேட்பீர்கள் என்பதால் எழுதுகிறேன்.

டிஸ்சார்ஜ் புக்கை முதல் பக்கத்தில் இருந்து விரல் வைத்து வாசித்தார். ஓரிடத்தில் விரலை நிறுத்தி, "9 இன்ஜினியர்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு மேசை போட்டு உட்கார்ந்து விண்ணப்பம், பிரமாணப் பத்திரம், பெங்களூருக்குக் கடிதம் எல்லாம் எழுதி முடித்தார். பாட்டி மூன்று இடத்தில் கையெழுத்துப் போட்டாள், ஒவ்வொன்றையும் எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பாட்டி மரச்சீனியும் சாளைக் குழம்பும் என்று முடிவு பண்ணியிருந்தாள். கிழங்கு பிடுங்க நானும் அண்ணனும் விளைக்குப் போனோம். கம்பி ஓட்டுக்குக் கீழே சொருகின இடத்திலேயே இருந்தது. நாடாக்கள் இந்த மழையில் நைந்து போயிருந்தன, ஆனால் குச்சிகள் நின்றன. அண்ணன் குச்சிகளுக்கு உள்ளேயே நடந்தார். நானும் அவர் கால் வைத்த இடத்தில் வைத்துப் போனேன். கம்பியை என்னிடம் கொடுத்து, என் மணிக்கட்டைப் பிடித்து எவ்வளவு சரிக்க வேண்டும் என்று காட்டினார். கிழங்கில் முட்டினது கைக்குத் தெரிந்தது.

சாப்பிடும்போது பாட்டி அண்ணனுக்கு எதிரே உட்கார்ந்து ஒரு கேள்வி கேட்டாள். இத்தனை வருஷம் பாட்டாவிடம் கேட்காத கேள்வி என்று அவளே பிறகு சொன்னாள். "அந்த வேலையில பயமா இருக்குமா மோனே?"

அண்ணன் கையில் இருந்த உருண்டையை இலையில் வைத்துவிட்டுச் சொன்னார், "முதல் பத்தடிக்கு இருக்கும் அம்மா. அதுக்கப்புறம் கை மட்டும்தான் இருக்கும்."

பாட்டி தலையை ஆட்டிக்கொண்டாள். "கை நடுங்கி நான் பார்த்ததே இல்ல. தூக்கத்துல மட்டும் விரலு பாயில என்னத்தையோ தேடிக்கிட்டே இருக்கும். நான் என் கையைக் கொண்டு வைச்சா நின்னுரும்."

பிறகு எழுந்து போய் அண்ணனுக்கு இன்னும் இரண்டு துண்டு கிழங்கு எடுத்து வந்து வைத்தாள்.